தொலைத்திரை அணுகலில் தமிழ் எழுத்து: இயங்குதள வேறுபாடுகளும் சுவடிப் பதிப்புப் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

ஓரிடத்திலுள்ள கணினியை வேறோரிடத்திலிருந்து திரைவழியாக இயக்கும் முறை, இயங்குதளத்திற்கு இயங்குதளம் அடிப்படையிலேயே வேறுபடுகின்றது. இவ்வேறுபாடுகள் தமிழ் எழுத்தின் உள்ளீடு, உருவாக்கம், படியெடுப்பு ஆகியவற்றில் எத்தகைய விளைவுகளைத் தோற்றுவிக்கின்றன என்பதனையும், சுவடிப் படங்களைத் தொலைவிலிருந்து படித்துப் பதிப்பிக்கும் ஆய்வாளர் எவ்விடங்களில் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பதனையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: தொலைத்திரை அணுகல், இயங்குதளம், எக்ஸ் சாளர முறைமை, விஎன்சி, ஆர்டிபி, ஒருங்குறி, தமிழ்99, புள்ளி, சுவடிப் பதிப்பு.

முன்னுரை

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் 30 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் உள்ளது. தஞ்சாவூர் – திருவாரூர் இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூரிலிருந்து, 1981இல் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்திற்கோ சரசுவதி மகால் நூலகத்திற்கோ சென்று மாலையில் திரும்பிவிடலாம். எனினும் நாள்தோறும் அவ்வாறு செல்லும் வாய்ப்பு எல்லா ஆய்வாளர்க்கும் அமைவதில்லை. 2020 மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பெற்றபோது அவ்வாய்ப்பு எவர்க்கும் இல்லாதுபோயிற்று. நிறுவனத்துக் கணினியில் இருந்த தரவுத்தளத்தையும் மின்படங்களையும் வீட்டிலிருந்தே இயக்கிப் பார்க்கும் தேவை அப்போதுதான் தமிழாய்வுலகில் பலர்க்கும் முதன்முறையாக எழுந்தது எனலாம்.

இத்தேவையை நிறைவு செய்வது தொலைத்திரை அணுகல் ஆகும். தஞ்சையில் இயங்கும் கணினியின் திரை நீடாமங்கலத்தில் தோன்றும். நீடாமங்கலத்தில் அழுத்தும் விசை தஞ்சையில் செயற்படும். கோப்பு இடம்பெயர்வதில்லை; காட்சியும் கட்டளையுமே இடம்பெயர்கின்றன. விளக்கத்தின் பொருட்டு இக்கட்டுரையில் தஞ்சையில் உள்ளதாகக் கொள்ளப்பெறும் கணினி தொலைக்கணினி எனவும், நீடாமங்கலத்து ஆய்வாளரின் கையிலுள்ளது முனைக்கணினி எனவும் சுட்டப்பெறுகின்றன.

இவ்விளக்கம் எளிதாகத் தோன்றினும், ‘காட்சி இடம்பெயர்கின்றது’ என்னும் தொடருள் ஒரு சிக்கல் மறைந்துள்ளது. காட்சி எவ்வடிவில் இடம்பெயர்கின்றது? எழுத்தாகவா, எழுத்தின் படமாகவா, படப்புள்ளிகளின் தொகுதியாகவா? நீடாமங்கலத்தை அடுத்துள்ள மூணாறு தலைப்பில் வெண்ணாற்று நீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகின்றது. வருகின்ற நீர் ஒன்றே. பிரிக்கப்படும் இடத்தைப் பொறுத்தே எவ்வயல் பாயும் என்பது அமையும். எழுத்துக் குறியீடு உருவமாகப் பிரியும் இடம் தொலைக்கணினியிலா முனைக்கணினியிலா என்பதைப் பொறுத்தே தொலைத்திரை முறைகளின் இயல்பும் அமைகின்றது.

எழுத்து உருவாகும் இடம்

காலத்தால் முற்பட்டது எக்ஸ் சாளர முறைமை. 1984இல் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் அதீனா திட்டத்தில் தோன்றி, 1987இல் பதினோராம் பதிப்பை எட்டிய இம்முறைமை, யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களிலும் பின்னர் குனு/லினக்சிலும் நிலைபெற்றது. இதன் கலைச்சொல் வழக்குப் பயில்வோரை மயங்கச் செய்வது. திரையும் விசைப்பலகையும் உள்ள முனைக்கணினியே இங்கு ‘வழங்கி’ எனப்பெறும். தொலைவில் ஓடும் நிரலே ‘வாங்கி’. திரை என்னும் வளத்தை வழங்குவது முனைக்கணினி என்னும் நோக்கில் இப்பெயர் பிழையன்று. ஆயினும் பிற முறைகளைப் பயின்றபின் இதற்கு வருவோர் இரண்டையும் தலைகீழாகக் கொள்வது இயல்பாக உள்ளது.

இம்முறைமையின் தொடக்க அமைப்பில், ‘இன்ன இடத்தில் இன்ன எழுத்துருவில் இவ்வெழுத்தை வரைக’ என்னும் கட்டளையே வலைப்பின்னல் வழியே சென்றது. எழுத்துரு, வரையும் பொறுப்புடைய முனைக்கணினியில் இருத்தல் வேண்டும். அதன் விளைவு தமிழுக்குக் கடுமையானது. தஞ்சைக் கணினியில் தமிழ் எழுத்துரு எத்துணைச் செம்மையாக நிறுவப்பெற்றிருப்பினும், நீடாமங்கலத்துக் கணினியில் அது இல்லையெனில் திரையில் தமிழ் தோன்றாது. மேலும், ஒருங்குறியில் ‘கொ’ என்பது ககரத்தின் குறியீடும் ஒகர உயிர்க்குறியின் குறியீடுமாக இரண்டே இடங்களில் சேமிக்கப்பெறுகின்றது. அதனை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என வரிசைப்படுத்திக் காட்டுதற்கு எழுத்துருவாக்கப் பொறி ஒன்று வேண்டும். எக்ஸ் முறைமையின் பழைய வரைவுக் கட்டளைகளில் அத்தகைய பொறி இல்லை. கொம்பு, ககரம், கால் என்று கண்ணிற்குத் தோன்றும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்த டிஸ்கி முதலிய எட்டுபிட்டுக் குறியேற்றங்கள் அக்காலத்தில் இச்சூழலுக்கு எளிதிற் பொருந்தியமைக்கு இதுவே காரணம்.

2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் எக்ஸ் முறைமையில் ரெண்டர் என்னும் நீட்சி சேர்க்கப்பெற்றது. அதன்பின் நிரல் ஓடும் கணினியே எழுத்துருவை எடுத்து, எழுத்து வடிவங்களை உருவாக்கி, அவற்றின் படிமங்களை முனைக்கணினிக்கு அனுப்புகின்றது. எழுத்துரு தஞ்சையில் இருந்தாற் போதும் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று.

விஎன்சி இதற்கு முற்றிலும் வேறானது. கேம்பிரிட்சு நகரில் ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வகமாகத் தொடங்கிப் பின்னர் ஏடிஅண்டுடி நிறுவனத்திற்கு உரியதாகிய ஆய்வகம் 1998இல் இதனை வெளியிட்டது. இதன் நெறிமுறை எழுத்தை அறியாது, சாளரத்தை அறியாது, படப்புள்ளிகளை மட்டுமே அறியும். திரையின் எப்பகுதி மாறியதோ அப்பகுதியின் படத்தை அனுப்புவதோடு அதன் பணி முடிகின்றது. எழுத்தை அறியாத இவ்வியல்பே இதன் வலிமை. தமிழாயினும் கிரந்தமாயினும் மோடியாயினும் தொலைக்கணினித் திரையில் தோன்றுவது அவ்வாறே முனைக்கணினியிலும் தோன்றும். எந்த இயங்குதளத்திற்கும் இதனை எளிதிற் கொண்டுசெல்ல முடிந்தமைக்கும் அதுவே காரணம். ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தின் 10.5ஆம் பதிப்பு முதல் உள்ளமைந்து வரும் திரைப்பகிர்வும் இந்நெறிமுறையின் வழிப்பட்டதே.

இவ்வலிமைக்கு உரிய விலை தரவின் அளவு. 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட ஒரு திரைக்கு, புள்ளியொன்றுக்கு 4 பைட்டு வீதம் ஏறத்தாழ 83 இலட்சம் பைட்டுகள் தேவை. நொடிக்கு 20 இலட்சம் பிட்டு செல்லும் இணைப்பில் சுருக்காத ஒரு முழுத்திரை வந்துசேர 33 நொடிகள் ஆகும். ஆகவே படச்சுருக்கம் தவிர்க்க இயலாததாகின்றது. அதன் விளைவு பின்னர் விரித்துரைக்கப்பெறும்.

விண்டோசின் ஆர்டிபி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. 1998இல் விண்டோஸ் என்டி 4.0இன் முனைய வழங்கிப் பதிப்புடன் இது அறிமுகமாயிற்று. 2001இல் எக்ஸ்பி தொழில்முறைப் பதிப்பின் வழியாகத் தனிமேசைக் கணினிகட்கும் வந்தது. இதன் முந்தைய பதிப்புகளில் எழுத்துருவாக்கம் முழுவதும் தொலைக்கணினியில் நிகழும். உருவான எழுத்து வடிவத்தின் சிறுபடம் ஒருமுறை அனுப்பப்பெற்று முனைக்கணினியின் தற்காலிக நினைவகத்தில் வைக்கப்பெறும். அடுத்தமுறை அவ்வடிவம் தேவைப்படும்போது அதன் வரிசையெண் மட்டுமே செல்லும். தமிழில் உயிர்மெய்கள் 216 ஆயினும், கொம்பும் காலும் தனி வடிவங்களாகப் பிரிந்து பல எழுத்துகட்குப் பொதுவாவதால் அனுப்பவேண்டிய வடிவங்கள் அவ்வெண்ணிக்கையினும் குறைவே. பத்துப் பக்க உரையைத் தட்டச்சு செய்வதற்குள் பெரும்பாலான வடிவங்கள் நினைவகத்தில் சேர்ந்துவிடும். பிற்காலப் பதிப்புகளில் ஆர்டிபியும் படச்சுருக்க, நிகழ்படச்சுருக்க முறைகட்கே பெரிதும் மாறியுள்ளது.

விசையின் பயணம்

திரை ஒரு திசையில் வருகின்றது. விசை எதிர்த்திசையில் செல்கின்றது. தமிழ் ஆய்வாளர்க்கு இடர்ப்பாடு மிகுதியும் நேர்வது இவ்வெதிர்த்திசையிலேயே ஆகும்.

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், ஆங்கில எச் விசை இருக்குமிடத்தில் ககரம் உள்ளது. அவ்விசை அழுத்தப்பெறும்போது எது அனுப்பப்பெறுகின்றது என்பதில் முறைகள் வேறுபடுகின்றன. ஆர்டிபி பொதுவாக அனுப்புவது விசையின் இடத்தைக் குறிக்கும் எண்ணை; எச் விசைக்கு அது 35. அவ்விடத்திற்கு உரிய எழுத்து யாதென முடிவு செய்வது தொலைக்கணினி. விஎன்சி அனுப்புவதோ விசையின் பொருளைக் குறிக்கும் எண்ணை. முனைக்கணினியில் ஆங்கில விசைப்பலகை இருப்பின் எச் என்பதற்குரிய 104ஐ அனுப்பும். அங்குத் தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருப்பின், ககரத்தின் ஒருங்குறி எண்ணாகிய 2965ஐ 16777216உடன் கூட்டி 16780181 என்னும் எண்ணை அனுப்பும்.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறை விதி வெளிப்படையானது. ஆர்டிபியில் தமிழ் விசைப்பலகை தொலைக்கணினியில் இருத்தல் வேண்டும். முனைக்கணினியை ஆங்கிலத்திலேயே வைத்தல் நன்று. இணைப்புத் தொடங்கும்போது முனைக்கணினியின் விசைப்பலகை வகையும் தொலைக்கணினிக்கு அறிவிக்கப்பெறுவதால், வேண்டாத ஒரு விசைப்பலகை அங்குச் சேர்ந்துவிடுவதும் உண்டு. தட்டச்சைத் தொடங்குமுன் இதனைச் சரிபார்த்தல் வேண்டும். விஎன்சியில் விதி இத்துணை எளிதன்று. 104 என்னும் எண்ணைப் பெறும் தொலைக்கணினி, தன் விசைப்பலகையில் எச் எங்குள்ளது எனத் தேடுகின்றது. அங்கு நடப்பிலிருக்கும் விசையமைப்பு தமிழாயின் அதில் எச் இல்லை, எண் வீணாகலாம். குனு/லினக்சில் ஐபஸ் முதலிய உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99ஐப் பயன்படுத்தினால் இவ்விடர் நேர்வதில்லை. அடிப்படை விசையமைப்பு ஆங்கிலமாகவே நிற்க, எச் என்று அறியப்பெற்ற பின்னரே ககரமாக மாற்றம் நிகழ்வதே அதற்குக் காரணம்.

முனைக்கணினியிலேயே தமிழை உருவாக்கி அனுப்புவோர்க்கு இன்னும் ஒரு நுட்பம் உண்டு. இது போதிய கவனம் பெறாத ஒன்று. தமிழ்99இல் ககரத்தை அடுத்து இகரம் அழுத்தினால், முன்பே சென்ற ககரத்துடன் இகரக் குறி சேர்க்கப்பெறுகின்றது. ககரம் இருமுறை அழுத்தினால் இடையில் புள்ளி சேர்ந்து ‘க்க’ ஆகின்றது. இரண்டிலும் நிகழ்வது கூட்டல் மட்டுமே. ஒலிபெயர்ப்பு முறையாகிய அஞ்சல் வகையிலோ கே விசை ‘க்’ என்பதைத் தருகின்றது. அடுத்து ஐ விசையை அழுத்தினால் புள்ளி நீங்கி ‘கி’ ஆதல் வேண்டும். சில உள்ளீட்டு மென்பொருள்கள் இம்மாற்றத்தைப் பின்னழிப்பு விசையைத் தாமே அனுப்பி, அதன்பின் புதிய குறியை அனுப்பி நிறைவேற்றுகின்றன. பின்னழிப்பு எல்லா விசைப்பலகைகளிலும் உள்ளது; ஆகவே எவ்வகை இணைப்பிலும் அது தவறாது சென்று சேரும். தமிழ்க் குறிக்கோ தனி விசையிடம் இல்லை. அதனை ஏற்காத இணைப்பில் அது வழியிலேயே உதிர்ந்துவிடும். அத்தகைய சூழலில் தமிழ்99 பயன்படுத்துவோர் தாம் தட்டிய எழுத்தை மட்டுமே இழப்பர். ஒலிபெயர்ப்பு முறையினரோ, எழுத்துகள் உதிரப் பின்னழிப்புகள் மட்டும் சென்று செயற்படுவதால், முன்பே படியெடுத்து வைத்த வரிகளையும் இழக்கக்கூடும். பின்னழிப்பு ஒன்று சில நிரல்களில் ஒரு குறியையும், வேறு சிலவற்றில் உயிர்மெய் முழுவதையும் நீக்குவது இக்கேட்டை மேலும் மிகுவிக்கும். தட்டச்சு விரைவு பற்றி நிகழ்ந்துள்ள விசைப்பலகை விவாதங்களில் இக்கூறும் சேர்த்து எண்ணத்தக்கது.

வெட்டி ஒட்டலில் நேரும் இழப்பு

உரைப்பகுதியை ஒரு கணினியில் நகலெடுத்து மற்றொன்றில் ஒட்டுவது ஆய்வாளரின் அன்றாடச் செயல். ஆர்டிபியில் உரை ஒருங்குறியாகவே செல்வதால் தமிழ் சிதைவதில்லை. விஎன்சியின் அடிப்படை நெறிமுறையிலோ, 2011இல் வெளியான அதன் முறைப்படியான ஆவணமே, நகலெடுத்த உரையை லத்தீன்-1 குறியேற்றத்தில் அனுப்புமாறு வரையறுக்கின்றது. லத்தீன்-1இன் எல்லை 255. தமிழின் ஒருங்குறி இடங்கள் 2944 முதல் 3071 வரை. ஆகவே தமிழ் உரை முழுவதும் வினாக்குறிகளாக மாறி வந்துசேரும். அல்லது வாராமலே போகும். உரையை யுடிஎஃப்-8 வடிவில் அனுப்பும் நீட்சி ஒன்று பின்னர் உருவாயிற்று. டைகர்விஎன்சி முதலியன அதனை ஏற்றுள்ளன. எனினும் இணைப்பின் இருமுனைகளும் அதனை அறிந்திருந்தாலன்றிப் பயனில்லை.

இங்கு ஒரு முரண் உண்டு. 2010 சூனில் தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்ததற்கு முன்னர் டிஸ்கியில் உள்ளிடப்பெற்ற பழைய கோப்புகள், லத்தீன்-1 வழியே பெரும்பகுதி சிதையாமல் செல்லும்! அவற்றின் உயிரும் மெய்யும் உயிர்மெய்க் கூறுகளும் பெரும்பாலும் 160க்கும் 255க்கும் இடைப்பட்டவை. ஆனால் டிஸ்கியில் தமிழ் எண்களும் கிரந்த எழுத்துகளும் 128 முதல் 159 வரையுள்ள இடங்களில் அமைந்துள்ளன. அவ்விடங்கள் லத்தீன்-1இல் கட்டுப்பாட்டுக் குறிகட்கு உரியன. விண்டோஸ் அவற்றில் வேறு குறிகளை வைத்துள்ளது. ஆகவே உரை முழுவதும் சரியாக வந்துவிட்டதுபோல் தோன்ற, ஏட்டெண், பாடலெண், நில அளவு ஆகியவற்றைக் குறிக்கும் தமிழ் எண்கள் மட்டும் ஓசையின்றி மறைந்திருக்கலாம். முழுவதும் வினாக்குறியாவது உடனே கண்ணிற் படும். இத்தகைய பகுதியிழப்போ அச்சேறும்வரை புலப்படாது. பழைய குறியேற்றக் கோப்புகளைத் திரைவழியே ஒட்டி நகர்த்தாமல், கோப்பாகவே மாற்றி, அதன்பின் ஒருங்குறிக்குப் பெயர்ப்பதே பாதுகாப்பானது.

இணைப்பு அறுபடும்போது

16-11-2018 அன்று கரைகடந்த கஜா புயலின்போது திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. புயல் இல்லாத நாளிலும் இணைப்பு அறுபடுவது புதிதன்று. விஎன்சியிலும் ஆர்டிபியிலும் முனைக்கணினி அணைந்தாலும் தொலைக்கணினியில் நிரல் தொடர்ந்து இயங்கும். மீண்டும் இணைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஸ்எஸ்எச் வழியே நேரடியாகப் பயன்படுத்தும் எக்ஸ் முறைமையில் அவ்வாறன்று. திரை அகன்றவுடன் நிரலும் முடிந்துவிடும்; சேமிக்காத படியெடுப்பு அழியும். டெல்டாப் பகுதி ஆய்வாளர்க்கு எழுத்துருவினும் விரைவினும் இது முதன்மையான வேறுபாடு எனக் கருத இடமுண்டு.

எக்கணினியை இவ்வாறு அணுக இயலும் என்பதிலும் வேறுபாடு உள்ளது. விண்டோசின் வீட்டுப் பதிப்புகள் ஆர்டிபி வழியே பிறவற்றை அணுகுமேயன்றித் தாம் அணுகப்பெறா; தொழில்முறைப் பதிப்பு தேவை. அதிலும் தொலைவிலிருந்து ஒருவர் நுழைந்தால் நேரிலிருப்பவரின் திரை பூட்டப்பெறும். துறைக்கு ஒரே கணினி உள்ள இடங்களில் இது சிறு பூசலுக்கும் வழிவகுக்கும். குனு/லினக்சில் பலர் ஒரே நேரத்தில் தனித்தனித் திரைகளைப் பெறலாம். ஆனால் எக்ஸ் முறைமைக்கு மாற்றாக வந்த வேலண்ட், ஒரு நிரல் மற்றொன்றின் திரையைப் படிப்பதைப் பாதுகாப்புக் கருதித் தடுக்கின்றது. ஆகவே பழைய விஎன்சி வழங்கிகள் பல அதில் இயங்குவதில்லை. 2022இல் வெளிவந்த க்னோம் 42 தன் தொலைத்திரை வசதிக்குத் தேர்ந்தது விண்டோசின் ஆர்டிபியையே என்பது குறிப்பிடத்தக்கது.

பாதுகாப்புப் பற்றி ஒன்று மட்டும் கூறுதல் போதும். ஆர்டிபிக்கு வழக்கமான 3389ஆம் வாயிலையோ விஎன்சியின் 5900ஆம் வாயிலையோ இணையத்திற்கு நேரே திறந்துவைத்தல் கூடாது. விஎன்சியின் பழைய கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளையே கருதும். 2019 மே மாதத்தில் ஆர்டிபியின் பழைய செயலாக்கங்களில் கண்டறியப்பெற்ற புளூகீப் என்னும் குறைபாடு, கடவுச்சொல்லே இன்றி உட்புக வழிவிட்டது. நிறுவனத்தின் தனிவலை இணைப்பு அல்லது எஸ்எஸ்எச் குழாய்வழியே அணுகுதல் இன்றியமையாதது.

புள்ளியும் படச்சுருக்கமும்

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதிப்பினும், ஓலைச்சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் பெரிதும் அருகியே காணப்படுகின்றது. எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பது அதற்குப் பொதுவாகக் கூறப்பெறும் காரணம். எகர ஏகார வேறுபாடும், காலுக்கும் ரகரத்திற்கும் உள்ள வேறுபாடும் சுவடிகளில் தெளிவாக இரா. ஆகவே பதிப்பாசிரியர் ஒவ்வொரு சொல்லிலும் மெய்யா உயிர்மெய்யா எனப் பொருள் நோக்கித் துணிகின்றார். அரிதாக ஒரு புள்ளி தென்படுமாயின் அது எழுதியவர் இட்டதா, பூச்சி அரித்ததா, ஓலையின் நரம்பா என்பது பாடத்தையே மாற்றவல்ல வினா.

அவ்வோலையின் மின்படத்தைத் தொலைத்திரையில் நோக்கும்போது நான்காவது ஐயம் ஒன்று சேர்கின்றது. விஎன்சியின் சில படச்சுருக்க வகைகள் ஜேபெக் முறையைக் கையாள்கின்றன. அம்முறை படத்தை 8 × 8 படப்புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளைக் கைவிடுகின்றது. ஒளிர்வைக் காட்டிலும் நிறத்தில் இழப்பு மிகுதி. நிகழ்படச்சுருக்கம் பயன்படுத்தும் ஆர்டிபி பதிப்புகளிலும், நிற விவரம் நான்கு படப்புள்ளிகளுக்கு ஒன்றெனக் குறைக்கப்பெறும் வகை உண்டு. ஆர்டிபி 10இல்தான் நிறத்தை முழுமையாக அனுப்பும் மாற்று வகை சேர்க்கப்பெற்றது. முழு ஏட்டையும் திரையில் அடக்கிப் பார்க்கையில் ஒரு புள்ளி ஓரிரு படப்புள்ளி அளவினதாகவே இருக்கும். பழுப்பு ஓலையில் கருமை மங்கிய அப்புள்ளி, சுருக்கத்தில் மறைந்துபோகலாம். இல்லாத இடத்தில் கட்ட விளிம்பின் நிழல் புள்ளிபோல் தோன்றவும் கூடும். இணைப்பு மந்தமாகும்போது சில மென்பொருள்கள் தாமே தரத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே காலையில் கண்ட பாடம் மாலையில் வேறாகத் தோன்றுவதும் இயலாததன்று.

ஆதலின் தொலைத்திரை வழியே சுவடியைப் புரட்டுதல், ஏடு தேடுதல், படியெடுப்பைத் தட்டச்சு செய்தல் ஆகியன ஏற்கத்தக்கன; பாடம் துணிதல் ஏற்கத்தக்கதன்று. இழப்பில்லாச் சுருக்க வகையைத் தேர்ந்து, படத்தை அதன் முழு அளவிற்குப் பெரிதாக்கிப் பார்த்தால் ஐயம் பெரிதும் குறையும். ஆயினும் புள்ளி, கால், கொம்பு பற்றி முடிவு செய்யவேண்டிய இடத்தில், மூலப் படக்கோப்பின் அப்பகுதியை மட்டும் வெட்டிக் கோப்பாக முனைக்கணினிக்கு இறக்கி நோக்குதலே தக்கது. ஓர் ஏட்டின் ஒரு வரி, இழப்பின்றிச் சேமித்தாலும் சில மெகாபைட்டுக்கு மேற்படுவதில்லை. நீடாமங்கலத்தில் கிடைக்கும் இணைப்பிற்கு அது பெருஞ்சுமையன்று. பாடவேறுபாட்டுக் குறிப்பில், மூலச்சுவடியைக் கண்டு துணிந்தது, மூலப்படத்தைக் கண்டு துணிந்தது, தொலைத்திரையில் மட்டும் கண்டது என மூன்றையும் பிரித்துச் சுட்டுதல் வேண்டும். அவ்வாறு சுட்டினால், மூன்றாம் வகையினவற்றை மட்டும் குறித்துக்கொண்டு தஞ்சைக்குச் செல்லும் ஆய்வாளர் ஒரே நாளில் அவற்றைச் சரிபார்த்துத் திரும்ப இயலும்.